பிக்கப்பும் வலது பாதமும்

அன்புள்ள ஐயா,

டெக்சஸுக்கு வந்த புதிதில் ஒரு நடனக் கூடத்தில் பெடல் ஸ்டீல் கிட்டார் கேட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஒரு பழைய கருவியை வாங்கி, இரவில் குழந்தை தூங்கிய பிறகு ஹெட்ஃபோனில் பழகுகிறேன். இப்போது ஒரு தயாரிப்பாளரிடம் எனக்கென்றே பத்துத் தந்தி இ9 கருவி செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன். பிக்கப்பை முடிவு செய்து சொல்லச் சொல்கிறார். சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா? ஹம்பக்கர் போட்டு காயில் டேப் சுவிட்ச் வைக்கலாமா? எலக்ட்ரிக் கிட்டார் போல கழுத்துப் பக்கம் இன்னொரு பிக்கப்பும் இரண்டையும் கலக்க ஒரு குமிழும் வேண்டும் என்று ஆசை. உடலுக்கு லாக்கர் பூச்சு நல்லதா, மைக்காவா? கோட்டுவாத்தியம் போல இதில் ராகம் வாசிக்க வருமா?

இப்போதைய கருவியில் சத்தம் சப்பென்று, உயிரில்லாமல் இருக்கிறது. நல்ல பிக்கப் வந்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறேன். வால்யூம் பெடல் கையில் இருக்கும் மலிவானதே போதும். அதை முழுக்க அழுத்தியேதான் வைத்திருக்கிறேன்.

செந்தில், டாலஸ்

அன்புள்ள செந்தில்,

கொஞ்ச நாளாகப் பழைய நாஷ்வில் கன்ட்ரி இசைப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்டீல் சுரம் எப்படிப் பிறக்கிறது என்பதை விட்டுவிட்டு, எப்படி முடிகிறது என்பதை மட்டும் கவனித்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதன் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இந்தக் கருவியைப் பார்க்காத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. மேசை போல நான்கு கால்களில் நிற்கும். வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் 'பார்' என்ற கனமான எஃகு உருளையைத் தந்திகள் மேல் நகர்த்துவார். வலது கைக் கட்டைவிரலிலும் இரண்டு விரல்களிலும் பிக் மாட்டியிருக்கும். இடது பாதம் பெடல்களை மிதிக்கும், முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ளும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தந்திகளை இழுத்தோ தளர்த்தோ சுரத்தை மாற்றும். தந்தியின் முனையில் இந்த இழுப்பைச் செய்யும் பகுதிக்குப் பெயர் சேஞ்சர். தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். வலது பாதம் மட்டும் தனியாக ஒரு வால்யூம் பெடலின் மேல் இருக்கும். அந்த வலது பாதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் மற்றவை. லாக்கரா மைக்காவா என்பதில் உங்கள் மனைவிக்கு எந்த நிறம் பிடிக்கிறதோ அதை வாங்குங்கள். ராகம் வாசிக்கலாம், ஆனால் இ9 ட்யூனிங்கில் (தந்திகளைச் சுருதி சேர்க்கும் ஒரு முறை) மூன்றாம் ஃப்ரெட்டில் (தந்திகளுக்கு அடியில் சுர இடத்தைக் காட்டும் கோடு) ஒரு ஜி கார்டைச் சுத்தமாக வாசிக்கும் வரை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

கழுத்துப் பக்கம் இரண்டாவது பிக்கப் வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தந்தியின் நீளம் சுமார் 24 அங்குலம். பார் 12ஆம் ஃப்ரெட்டில் இருக்கும்போது ஒலிக்கும் நீளம் 12 அங்குலம், 24ஆம் ஃப்ரெட்டில் 6 அங்குலம். எலக்ட்ரிக் கிட்டாரில் கழுத்துப் பிக்கப் ஏறத்தாழ அந்த ஆறு அங்குலத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்டீலில் மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போவது சர்வ சாதாரணம். அப்போது பார் உங்கள் இரண்டாவது பிக்கப்பின் தலைமேலேயே நிற்கும், அதைத் தாண்டினால் பாருக்குப் பின்னால் இருக்கும் செத்த தந்தியைத்தான் அது கேட்கும். போதாததற்கு வலது கையும் அங்கேதான் வேலை செய்தாக வேண்டும்.

1957இல் ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் என்ற இரண்டு ஸ்டீல் கலைஞர்கள் சேர்ந்து ஷோ-பட் என்ற ஸ்டீல் கிட்டார் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1963இல் எம்மன்ஸ் பிரிந்து தன் பெயரில் கம்பெனி வைத்தார். பெடல், கம்பி, நெம்புகோல் என்று உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் பிரித்து மாற்றிய தலைமுறை அது. அப்படிப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரு கழுத்துக்கு (ஒரு தந்தி வரிசைக்கு) ஒரு பிக்கப், அதுவும் சேஞ்சரை ஒட்டி என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கலக்கும் குமிழ் உங்கள் வலது கைதான். சேஞ்சர் பக்கம் கையை நகர்த்தினால் ஒலி கூர்மையாகும். பாரை நோக்கி இரண்டு அங்குலம் வந்தால் உருண்டு வரும். இதைப் பழகாமல் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தால் கை கடைசி வரை ஒரே இடத்தில்தான் கிடக்கும்.

சிங்கிள் காயிலா ஹம்பக்கரா? சிங்கிள் காயில். ஒரே சுருள் என்பதால் இரையும், உண்மைதான்; இரண்டு சுருள்கள் வைத்து அந்த இரைச்சலை அடக்குவதுதான் ஹம்பக்கர். மேடையில் டிம்மர் விளக்குகளுக்கு நடுவே அடிக்கடி வாசிப்பவராக இருந்தால் ஹம்பக்கர் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் வீட்டில் வாசிப்பவர். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் எந்த அறைக்குப் போனாலும் முதலில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, கருவியைக் கால்களோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். ஒரு கோணத்தில் இரைச்சல் பாதிக்குமேல் அடங்கும். அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், பார்ப்பவர்களுக்கு முதுகு தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார். ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் ஒலிக்க வைக்கும் காயில் டேப் சுவிட்ச் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்: இருந்தால் பாதிப் பாட்டில் அதைத் தட்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிக்கப்புக்கு இத்தனை வரி எழுதிய நீங்கள், வால்யூம் பெடலை முழுக்க அழுத்தி வைத்திருப்பதைப் போகிற போக்கில் சொல்கிறீர்கள். உங்கள் சத்தம் ஏன் உயிரில்லாமல் இருக்கிறது என்பதற்கான காரணம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இது தெரியாமல் எத்தனை ஆயிரம் டாலர் பிக்கப்பில் கொட்டினாலும் அதே சப்பைச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

1954இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டு பெரிய வெற்றி அடைந்தது. அதில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுரத்தை ஏற்றினார். அதற்கு முன்பும் பெடல் இருந்தது, ஆனால் பெரும்பாலும் ஒரு ட்யூனிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் பயன்பட்டது. அந்தப் பாட்டைக் கேட்டபின் ஊரில் உள்ள ஸ்டீல்காரர்கள் எல்லாம் தங்கள் கருவியில் பெடல் மாட்ட வழி தேடினார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒலிக்கும் சுரத்துக்குள் இன்னொரு சுரம் ஏற வேண்டுமானால், அந்தச் சுரம் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். மீட்டிய கணத்திலிருந்து தந்தி தேயத்தான் செய்யும். அதைத் தாங்கிப் பிடிப்பது வலது பாதம்.

அதனால் பாதியளவு திறந்த பெடலோடுதான் மீட்ட வேண்டும். தந்தி தேயத் தேயப் பாதம் கீழே இறங்க வேண்டும். முழுக்க அழுத்தியே வைத்திருந்தால் மீட்டும்போது 'டிங்' என்று மண்டையில் அடிக்கும், அப்புறம் கொடுப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த டிங்கைத்தான்.

அந்தப் பெரியவர் ஆஸ்டினுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் இருந்தார். வார இறுதி நடனங்களில் ஆயுள் முழுக்க வாசித்தவர். நானும் உங்களைப் போலவே பிக்கப்பைப் பற்றி அவரைத் துளைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பதில் சொல்லாமல் தன் நாற்காலியை இழுத்து என் வலப்பக்கம் ஒட்டிப் போட்டார். என் காலை வால்யூம் பெடலிலிருந்து எடுக்கச் சொன்னார். பூட்ஸைக் கழற்றி, கருவிப் பெட்டியில் வைத்திருக்கும் மெல்லிய அடித்தோல் ஷூவை மாட்டிக்கொண்டு, தன் பாதத்தை அதன்மேல் வைத்தார். "நீ வாசி" என்றார்.

மூன்றாம் ஃப்ரெட்டில் ஐந்தாம் தந்தியை மீட்டினேன். அது டி. இடது பாதத்தால் ஏ பெடலை மெதுவாக மிதித்தேன். டி ஏறி இ ஆனது. என் கை, என் பார், என் பிக்கப். வந்தது அவருடைய சத்தம். அவர் மேடையில் வாசிக்கும்போது எந்தச் சத்தத்துக்காக நான் அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போனேனோ, அதே சத்தம். அவருடைய பாதம் நகர்ந்ததே தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் பக்கம் மட்டும் ஒரு அரை அங்குலம், சுரம் ஏறத் தொடங்கும் முன்பே, இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு காலை எடுத்துவிட்டு, "இப்போது நீயே" என்றார். நான் தையல் மிஷின் மிதிப்பது போல ஒவ்வொரு சுரத்துக்கும் பாதத்தை ஆட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு காபி போடப் போய்விட்டார்.

வால்யூம் பெடல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சாதனம் மட்டும்தானே, அதில் டோன் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண பேசிவ் (தனி மின்சாரம் தேவைப்படாத) பெடலுக்குள் இருப்பது 500 கிலோ ஓம் பாட் ஒன்று, அதாவது பாதம் நகர நகர அளவு மாறும் மின்தடை. அது பாதியில் நிற்கிறது என்று வையுங்கள். மேலே 250, கீழே 250. அங்கிருந்து ஆம்புக்குப் போகும் கேபிள் தனக்கு முன்னால் சுமார் 125 கிலோ ஓம் தடையைப் பார்க்கிறது. கேபிளின் மின்தேக்கம் ஒரு அடிக்கு 30 பிகோஃபேரட் என்று வைத்தால், 20 அடிக்கு 600. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்து ஒலி சரியத் தொடங்குகிறது. அதாவது பெடல் பாதியில் இருக்கும்போது உங்கள் பிக்கப்பின் பளபளப்பு முழுதாக ஆம்பைப் போய்ச் சேர்வதில்லை. பெடல் முழுக்கத் திறந்தால் இந்த இழப்பு பெரும்பாலும் நீங்கிவிடும்.

இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. பஃபர் (கேபிளால் டோன் தேயாமல் காக்கும் சிறு மின்சுற்று) வை, அதே போன்ற மின்சுற்று உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் பெடல் வாங்கு, எல்லா நிலையிலும் டோன் மாறாது என்பார்கள். நல்ல கலைஞர்கள் பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீட்டிய தந்தியில் முதலில் சாவது மேல் ஒலிகள்தான். அடிப்படைச் சுரம் கடைசி வரை நிற்கும், கூர்மை முன்பே போய்விடும். பேசிவ் பெடலில் என்ன நடக்கிறது? சுரம் கூர்மையோடு பிறக்கும் கணத்தில் பெடல் அதைக் கொஞ்சம் மழுக்குகிறது. தந்தி தன் கூர்மையை இழக்க இழக்க, பாதம் இறங்கிக் கூர்மையைத் திரும்பத் தருகிறது. சுரம் தேய்வதற்குப் பதில் மலர்கிறது. அந்த நடனக் கூடத்தில் உங்களைப் பிடித்து நிறுத்திய சத்தத்தில் இதுவும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். இதைத் தரும் பிக்கப் எந்தக் கடையிலும் கிடையாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்டீலின் சிங்கிள் காயில் 18 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் சுற்றப்பட்டிருக்கும். டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் ஏறத்தாழ 7தான். இத்தனை சுற்று உள்ள காயில், தனக்குப் பின்னால் தொங்கும் பாட்டையும் கேபிளையும் அதிகமாகவே உணரும். ஆக, பிக்கப்பைத் தனியாக எடைபோட்டு வாங்கவே முடியாது. பிக்கப், முதல் கேபிள், பாட், இரண்டாம் கேபிள், உங்கள் பாதம், இது முழுக்க ஒரே கருவி. இதில் ஒன்றை மட்டும் தங்கத்தில் செய்துவிட்டு மற்றதை மலிவாக வாங்குவேன் என்று சொல்கிற உங்களைத் திட்டாமல் வேறு என்ன செய்வது?

திட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, குழந்தையைத் தூங்க வைத்து, அதற்கப்புறம் இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால் எல்லாவற்றையும் வேலை வாங்கும் ஒரு கருவியின் முன்னால் உட்காருகிற மனிதர் நீங்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஹெட்ஃபோன் மட்டும் உங்களை ஏமாற்றுகிறது. காதுக்குள்ளேயே எல்லாம் பெரிதாகக் கேட்பதால் பாதத்துக்கு வேலை இல்லாதது போல் தோன்றும். வாரத்தில் ஒரு நாளாவது, பகலில், ஆம்பில் வாசியுங்கள்.

தயாரிப்பாளருக்கு இப்படி எழுதுங்கள். ஒரே பிக்கப், சிங்கிள் காயில், சேஞ்சரை ஒட்டி. சுவிட்சும் குமிழும் வேண்டாம். உயரத்தை மாற்றத் திருகு இருக்க வேண்டும், பிக்கப்பைக் கழற்றி மாற்றவும் வழி இருக்க வேண்டும். பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்த வேண்டாம். இரண்டு குவார்ட்டர் நாணயங்களை அடுக்கிய கனம் இடைவெளி என்பது ஸ்டீல்காரர்கள் பலர் சொல்லும் கணக்கு, அங்கிருந்து தொடங்கி காதைக் கேட்டு மாற்றுங்கள்.

இரண்டாவது பிக்கப்புக்கு ஒதுக்கிய பணத்தில் உறுதியான ஒரு பேசிவ் வால்யூம் பெடல் வாங்குங்கள். இறுகாமலும் தொளதொளக்காமலும் பாதம் நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். பாட் தேய்ந்தால் கரகரக்கும், அதனால் உதிரி பாட் ஒன்றையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். கருவி வந்து சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். பழைய கருவியிலேயே மூன்றாம் ஃப்ரெட், ஐந்தாம் தந்தி, டி-யிலிருந்து இ. அந்த ஒன்றைப் பதிவு செய்து அனுப்புங்கள். மிச்சக் கேள்விகளை அதைக் கேட்ட பிறகு பேசலாம்.

அன்புடன்.