வாசகர் கேள்வி – பதில்: வெண்பனிக் காலத்தில் வேலைக்குப் போய்ச் சேர்வது

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் குளிர்காலத்தில் வேலைக்குப் போய்வருவோர் எழுதியவை. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கடந்த வைகாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். இரண்டு பேருந்துகள் மாறி, காலை 7 மணிக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். வெண்பனி கொட்டும் நாளில் எவ்வளவு முன்னதாகப் புறப்படுவது? – வாசகி, ஸ்காபரோ

பதில்: எத்தனை சென்ரிமீற்றர் கொட்டும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானோ, முதல்நாள் இரவு வானிலை அறிக்கையில் வெப்பநிலையை முதலிலும் பனியின் அளவை அதற்குப் பிறகும் பாருங்கள் என்பேன். ஊரில் மார்கழி விடியலில் புல்நுனியில் நின்றதும் பனிதான், இங்கே முழங்கால் அளவுக்குக் குவிவதும் பனிதான் என்று ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்ட நமக்கு, பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் விழும் உலர்ந்த வெண்பனியும், பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் மழையாகப் பெய்து நிலத்தைத் தொட்டவுடன் உறைந்துவிடும் உறைமழையும் முற்றிலும் வேறானவை என்பது பிடிபடச் சில குளிர்காலங்கள் செல்கின்றன. முன்னது காலின் கீழ் நறநறக்கும். நடை தாமதமாகும், ஆனால் கால் பிடிக்கும். பின்னது கண்ணுக்கே தெரியாது. 2022 ஜனவரி 17 அன்று நகரின் சில பகுதிகளில் அரை மீற்றருக்கு மேல் கொட்டி, டொன் வலி, கார்டினர் ஆகிய இரு விரைவுச் சாலைகளும் மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் மேற்பார்வையாளரும் தாமதமாகத்தான் வருவார், எவரும் எவரையும் கேள்வி கேட்கமாட்டார்கள். இரவில் லேசாகத் தூறி விடியலில் உறைந்துபோன நாளில்தான், வெளியே எல்லாம் வழமைபோலத் தெரிவதால், நேரத்துக்கு வரவில்லை என்ற பேச்சையும் கேட்க நேரிடுகிறது, விழுந்தும் எழும்ப வேண்டியிருக்கிறது.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் எதிர்பார்க்கப்பட்டால், வழமையாக வரும் பேருந்துக்கு முந்தையதை அல்ல, அதற்கும் முந்தையதைப் பிடிக்கும்படி புறப்படுவதே நான் கைக்கொள்ளும் கணக்கு. இரண்டு பேருந்துகள் மாறுவோருக்குத் தாமதம் கூடுவதில்லை, பெருகுகிறது: முதலாவது பத்து நிமிடம் பிந்தினால் இரண்டாவது தவறிவிடும். மேட்டு நிலத்தில் உள்ள சில தரிப்பிடங்களில் பேருந்து நின்றால் மீண்டும் ஏற முடியாது என்பதால், கடும் பனி நாட்களில் அவற்றைப் போக்குவரத்துச் சபை தற்காலிகமாகப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிடுகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் தரிப்பிடம் இருக்கிறதா என்பதை மார்கழிக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்களைக் கண்டும் நிற்காமல் போகும் சாரதியை வீணாகத் திட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

சுரங்க ரயில் என்று பெயர் இருந்தாலும் அது முழுவதும் சுரங்கத்தில் ஓடுவதில்லை. இரண்டாம் இலக்கத் தடத்தில் விக்ரோறியா பார்க், வார்டன் நிலையங்களை ஒட்டிய பகுதி திறந்த வெளியில் இருக்கிறது. மின்சாரம் வழங்கும் பக்கத் தண்டவாளத்தில் ஐஸ் படிந்தால் ரயில் அங்கே தடுமாறும். இதனால்தான் புயல் இரவுகளில் ரயில்களை வெட்டவெளிப் பணிமனையில் விடாமல் சுரங்கத்துக்குள்ளேயே நிறுத்தி வைக்கிறார்கள். ஸ்காபரோவாசிகளுக்குப் பழக்கமாக இருந்த மூன்றாம் இலக்க ரயில் பனிக்காலத்தில் அடிக்கடி படுத்துவிட்டதுண்டு. 2023 ஜூலையில் தடம் புரண்ட பின்னர் அது ஓடவேயில்லை. அதற்கு மாற்றாக வந்த பேருந்தும் வீதியில்தான் போக வேண்டும் என்பதை உங்கள் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலணி விடயத்தில் ஒரு வார்த்தை. கடையில் 'குளிர்காலச் சப்பாத்து' என்று எழுதியிருப்பது கதகதப்புக்கு மட்டுமே உத்தரவாதம். ரொறன்ரோ மறுவாழ்வு ஆய்வு நிலையத்தினர், சரிவை மாற்றக்கூடிய ஐஸ் தரையில் ஆட்களை நடக்கவிட்டு 2016இல் வெளியிட்ட முதற் சோதனை முடிவில், பத்தில் ஒரு சோடி கூடத் தேறவில்லை. வழுக்காமையை அவர்கள் வெண்பனிச் செதில் குறிகளால் தரப்படுத்துகிறார்கள். விலையைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள்.

கேள்வி: வீதியெங்கும் உப்புக் கொட்டுகிறார்கள். ஆனாலும் மிகக் குளிரான நாட்களில் ஐஸ் அப்படியே கிடக்கிறதே, ஏன்? – வாசகர், மார்க்கம்

பதில்: உப்பு ஐஸைச் சூடாக்கி உருக்குவதில்லை. நீருடன் கலந்து, அந்த நீர் உறையும் வெப்பநிலையைத் தாழ்த்துகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே சிறிதளவாவது ஈரம் இல்லாத இடத்தில் உப்பு வெறும் கல்லாகக் கிடக்கும். சாதாரண உப்பு பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டும்போதே சோம்பிவிடுகிறது. பூச்சியத்துக்குக் கீழே 21 பாகையைத் தாண்டினால் முற்றாகச் செயலிழக்கிறது. அதனால் கடுங்குளிரில் உப்புநீருடன் பீற்றூட் சாறு கலந்து தெளிப்பதையும், உருக்கும் எண்ணத்தையே கைவிட்டு, பிடிமானத்துக்காக மணல் தூவுவதையும் இங்கே காணலாம். புயலுக்கு முந்தைய நாள் வெறும் வீதியில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது உப்புநீர். பனி தாரில் ஒட்டிக்கொள்ளுமுன் இடையில் ஒரு படலம் இருக்கட்டும் என்பதற்காக அது தெளிக்கப்படுகிறது. (உப்பளம் என்றதும் ஆனையிறவை நினைக்கும் நமக்கு, ஒன்ராறியோவின் கொடரிச் நகரில் ஹியூரன் ஏரிக்கு அடியில், அரை கிலோமீற்றருக்கும் ஆழத்தில் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது என்பது வியப்பாக இருக்கலாம்.)

கேள்வி: ஏஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையில் காரில் போகிறேன். நான்கு சக்கர இழுவை உள்ள கார். குளிர்கால ரயர் அவசியமா? – வாசகர்

பதில்: நான்கு சக்கர இழுவை புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பனிநாளில் பள்ளத்துக்குள் இறங்கிக் கிடக்கும் வாகனங்களில் அவ்வகைக் கார்களைக் காண்பது அரிதன்று, ஏனெனில் எளிதாகப் புறப்பட முடிகிறவருக்கு வீதி வழுக்குவதே தெரிவதில்லை. சாதாரண ரயரின் றப்பர், பூச்சியத்துக்கு மேலே 7 பாகை இருக்கும்போதே, அதற்குக் கீழே போகப்போக இறுகத் தொடங்குகிறது. குளிர்கால ரயரின் றப்பர் இளகியே இருக்கும். மூன்று சிகர மலைக்குள் வெண்பனிச் செதில் வரைந்த குறியைப் பார்த்து வாங்குங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் அதற்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு தர வேண்டும். தொலைபேசியில் ஒருமுறை கேட்டால் போதும், கேட்காதவருக்குத் தாமாக முன்வந்து தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலங்களில் கீழிருந்தும் காற்று அடிப்பதால் மற்ற வீதிக்கு முன்பே அவை உறைந்துவிடும். அங்கே பிரேக்கை மிதிக்காமல், ஏறுமுன்பே வேகத்தைக் குறையுங்கள். எங்காவது சிக்கிக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டபடி காத்திருக்க நேர்ந்தால், புகைபோக்கியைப் பனி மூடவில்லை என்பதை முதலில் இறங்கிப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் காருக்குள் சேரும் நச்சுப் புகைக்கு மணமில்லை.

கேள்வி: புயலுக்குள் இரண்டு மணிநேரம் பயணம் செய்து வேலைக்குப் போனேன். ஒரு மணிநேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிநேரச் சம்பளம் தர வேண்டும் என்கிறார்களே? – வாசகி, பிரம்ப்ரன்

பதில்: வழக்கமாக மூன்று மணிநேரத்துக்கு மேல் வேலை செய்பவரை வரவழைத்து, அவர் தொடர்ந்து வேலை செய்ய ஆயத்தமாக இருந்தும் முன்னதாக அனுப்பினால், குறைந்தது மூன்று மணிநேரத்துக்குக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்பது ஒன்ராறியோ வேலைவாய்ப்பு விதி. ஆனால் தீ, மின்தடை, புயல் போன்று முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் வேலை நின்றுபோனால் அந்த விதி பொருந்தாது. ஆகவே உங்கள் தொழிற்சாலை புயலால் நின்றதா, அல்லது அன்று வேலை குறைவு என்பதால் அனுப்பினார்களா என்பதைப் பொறுத்தே விடை மாறும். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செய்த அந்த ஒரு மணிநேரத்துக்கான சம்பளம் எந்த நிலையிலும் உங்களுடையது. பனியால் போகவே முடியாத நாளுக்குச் சம்பளம் தரும்படி சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பது, மணிக்கணக்கில் சம்பளம் பெறும் நம்மவர்களுக்குக் கசப்பான செய்தி.

கேள்வி: வேலைக்குப் போகும் வழியில் நடைபாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. என்ன செய்வது? – வாசகர், ஸ்காபரோ

பதில்: முதலில் வைத்தியசாலைப் பதிவு, அடுத்து நாட்கணக்கு. நகரசபை நடைபாதையானால் 10 நாட்களுக்குள்ளும், கடைவாசல், அடுக்குமாடி முற்றம் போன்ற தனியார் இடமானால் 60 நாட்களுக்குள்ளும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நகரசபையின் பாரதூரமான கவனக்குறைவை நிறுவினால்தான் வழக்கு நிற்கும் என்பதால், சட்டத்தரணி ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது. நீங்கள் வைத்தியசாலையில் இருந்தாலும், விழுந்த இடத்தையும் அணிந்திருந்த சப்பாத்தின் அடியையும் வீட்டார் யாராவது அன்றைக்கே படம் எடுக்கட்டும். உப்பு வண்டி ஒருமுறை வந்துபோனால் அந்த இடம் அரை மணிநேரத்தில் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.