அந்த 13 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூவுக்கும் பிஸ்கட்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அப்படியென்றால் 100 ரூபாய் ஷாம்பூ 87 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டாமா? எங்கள் தெருக் கடையில் பல வாரம் பழைய விலைதான். 5 ரூபாய் பிஸ்கட் இன்னமும் 5 ரூபாய்தான். குறைந்த வரி முழுவதையும் வியாபாரிகளே விழுங்கிவிட்டார்கள் என்பதுதானே உண்மை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பாதி உண்மை. கோபத்துக்கு முன்னால் கணக்கைச் சரிசெய்துகொள்வோம்.

பாட்டிலில் அச்சிட்டிருக்கும் 100 ரூபாய், வரியும் சேர்ந்த விலை. அதை 1.18-ஆல் வகுத்தால் வரி நீங்கிய விலை 84.75. அதன்மேல் 5 சதவீதம் போட்டால் 88.98. ஆக, குறைய வேண்டியது 13 ரூபாய் அல்ல, 11 ரூபாய் 2 காசு. 18-லிருந்து 5 ஆன எந்தப் பொருளானாலும் பழைய அச்சு விலையை 0.89-ஆல் பெருக்குங்கள், வரிக் குறைப்பு முழுதாக உங்கள் கைக்கு வந்தால் கிடைக்கும் விலை அதுதான்.

5 ரூபாய் பிஸ்கட்டுக்கு அந்தக் கணக்கு 4.45 என்று வரும். கடைக்காரர் 55 காசு மீதி தருவது எப்படி? 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. 5, 10 என்ற விலைகளில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அதனால் விலையைத் தொடாமல் எடையைக் கூட்டுவதும் நேர்மையான வழிதான். 50 கிராம் பாக்கெட் என்றால் 56 கிராம் ஆகியிருக்க வேண்டும். 52-ல் நின்றிருந்தால் மீதி 4 கிராம் நிறுவனத்தின் கணக்கில் போய்விட்டது. பாக்கெட்டில் ‘கிராமுக்கு இவ்வளவு’ என்று அச்சிட்டிருப்பார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். அது ரூபாயில், இரண்டு தசமத்தோடு நிற்கும். 50 கிராமுக்கும் 0.10 என்றுதான் இருக்கும், 52 கிராமுக்கும் 0.10 என்றுதான் இருக்கும். நிகர எடையைப் பாருங்கள்.

இனி உங்கள் தெருக் கடை. 100 ரூபாய் பாட்டிலை அவர் 90 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தார் என்று கொள்வோம். அந்த 90-க்குள் பழைய வரி 13.73 அடங்கியிருக்கிறது. அவர் முறையாக ஜி.எஸ்.டி. பதிவு செய்து ரிட்டர்ன் போடுபவர் என்றால் அந்த 13.73 அவருடைய வரவில் இருக்கிறது. வேறு பொருளுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி நீங்கிய கொள்முதல் 76.27, புது விலையில் விற்றாலும் வரி நீங்கிய வரவு 84.75. லாபம் முன்பு எவ்வளவோ அவ்வளவேதான்; ஒரு பைசா குறையாது. ‘பழைய ஸ்டாக் சார்’ என்று இப்படிப்பட்ட கடைக்காரர் சொன்னால் அது சாக்கு. ஆனால் பதிவே இல்லாத பெட்டிக்கடைக்காரருக்கும், காம்பொசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டிவிடும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவருக்கும் அந்த வரவு கிடையாது. 90 கொடுத்து வாங்கியதை 88.98-க்கு விற்றால் கைக்காசு போகும். அவர் பழைய சரக்கு தீரும்வரை பழைய விலைக்கு விற்றதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். யார் எந்த வகை என்பதை பில் சொல்லிவிடும். 33 என்று தொடங்கும் 15 இலக்கப் பதிவு எண்ணும், வரி தனியாகவும் இருந்தால் முதல் வகை. எண் இருந்தும் தலைப்பில் ‘பில் ஆஃப் சப்ளை’ என்று போட்டு, வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்பொசிஷன் வணிகர் என்று எழுதியிருந்தால் இரண்டாவது வகை.

இந்தக் கணக்குகளைவிட முக்கியமான ஒன்று உங்கள் கேள்வியில் விடுபட்டிருக்கிறது. வரியை அரசுக்குக் கட்டுபவர் ஒருவர், அதைச் சுமப்பவர் வேறொருவர். யார் கட்ட வேண்டும் என்பதைத்தான் சட்டம் எழுத முடியும். யார் சுமப்பது என்பதை, யாருக்கு விலகிப் போக இடம் இருக்கிறது என்பது முடிவு செய்கிறது.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை வந்து இறங்கிய மல்லி முழுவதும் கிலோ 500 ரூபாயில்தான் விற்றுத் தீரும் என்று வைப்போம். மண்டிக்காரர் கமிஷன் கிலோவுக்கு 50 ரூபாய்; இங்கே வரியின் இடத்தில் அதை வைத்துப் பாருங்கள். விவசாயியிடம் பிடித்தால் அவர் கைக்கு 450. ‘இனி வாங்குபவரே கமிஷன் கொடுக்கட்டும்’ என்று விதியை மாற்றுகிறோம். வாங்குபவர் மொத்தம் 500-க்கு மேல் தர மாட்டார், ஆகவே 450-க்குக் கேட்பார். விவசாயி மறுக்க முடியுமா? பறித்த பூ சாயங்காலம் மலர்ந்துவிடும். கைக்கு வருவது அதே 450. சென்ட் ஆலை பக்கத்தில் இருந்து 470 தருகிறது என்றால்தான் கதை மாறும், போக்கிடம் வந்துவிட்டதே! வருடக்கணக்கில் பார்த்தாலும் மாறும். கட்டுப்படியாகாமல் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போவார்கள், வரத்து குறையும், விலை ஏறும், சுமையில் ஒரு பங்கு வாங்குபவர் தோளுக்கு வரும்.

வரி குறையும்போதும் இதே விதிதான். ஒரே தட்டில் ஐந்து கம்பெனி ஷாம்பூ அடுக்கியிருக்கும் இடத்தில் ஒருவர் குறைத்தால் மற்றவர்களும் குறைத்தே தீர வேண்டும். ஊருக்கு ஒரே கடை, ஒரே பிராண்டு என்றால் அந்த நெருக்கடி இல்லை.

வரி விகிதம் இறங்கியும் விலை ஏறுவது உண்டு. 2017 நவம்பர் 15-ல் ஓட்டல்களுக்கு வரியை 5 சதவீதமாக்கினார்கள், அதுவரை ஏ.சி. ஓட்டலுக்கு 18, ஏ.சி. இல்லாததற்கு 12. கூடவே, வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையையும் எடுத்துவிட்டார்கள். 100 ரூபாய் வியாபாரத்துக்கு அந்தக் கழிவு 8 ரூபாய் என்று கொள்ளுங்கள். அது போனால் ஓட்டலின் செலவு 8 ரூபாய் கூடும். சாப்பாடு 108, வரி 5.40, மொத்தம் 113.40. ஏ.சி. ஓட்டலில் 118 கொடுத்தவருக்கு 4.60 மிச்சம். ஏ.சி. இல்லாத ஓட்டலில் 112 கொடுத்தவருக்கோ 1.40 கூடுதல்! அதே 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வரியே இல்லை என்றானபோதும் கழிவு போனது. சில நிறுவனங்கள் அந்தச் சுமையை முகவர்களின் கமிஷனில் ஏற்றின.

வரிக் குறைப்புக்கு ஏற்ப விலையைக் குறைக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171-ஆம் பிரிவு சொல்கிறது. எப்படிக் கணக்கிடுவது என்று அந்தப் பிரிவில் இல்லை. அந்தப் பிரிவின் கீழ் புதுப் புகார்கள் வாங்குவதையும் 2025 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் இத்தனை பெரிய குறைப்பு வந்தது. கதவை அப்போது மூடியது தவறு என்றே நினைக்கிறேன். இப்போதைக்கு உங்களுக்கு இருப்பது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் சொல்லும்போது பில், பழைய பாக்கெட், புது பாக்கெட் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் விலையையும் சேர்த்தே சொல்லுங்கள்.