புயலுக்குப் பெயர் எதற்கு?

கேள்வி: அட்லாண்டிக் கடலில் உருவாகும் ஹரிக்கேன்களுக்குக் கத்ரீனா, மரியா என்று அழகான பெயர்களைச் சூட்டுகிறார்கள். ஊரையே அழிக்கும் ஒன்றுக்குக் குழந்தைக்கு வைப்பதுபோலப் பெயர் வைப்பது அழிவைக் கொண்டாடுவது ஆகாதா? அதிலும் பெண்களின் பெயரை வைப்பது என்ன நியாயம்? வரிசை எண் கொடுத்தால் போதாதா?

பதில்: தங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வரிசை எண்ணும் கொடுக்கத்தான் செய்கிறார்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவெடுக்கும்போதே அந்தப் பருவத்தில் அது எத்தனையாவது என்ற எண் அதற்கு வந்துவிடுகிறது. காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டிப் புயலாக வலுக்கும்போதுதான் பெயர் கிடைக்கிறது. 119 கிலோமீட்டரை எட்டினால் அதே பெயருடன் ஹரிக்கேன் ஆகிறது. எண்ணோடு நிறுத்திக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு 2020 செப்டம்பர் 14ஆம் தேதியைப் பாருங்கள். அன்று அட்லாண்டிக்கில் ஒரே நேரத்தில் ஐந்து சுழல்கள் இருந்தன. அவற்றின் எண்கள் 17, 18, 19, 20, 21. பதினேழு பெர்முடா தீவைக் கடந்துகொண்டிருந்தது. பதினெட்டு நடுக்கடலில் வலுவிழந்துகொண்டிருந்தது. பத்தொன்பது மெக்சிகோ வளைகுடாவின் வடகரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டும் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டிய ஒரு குடும்பம், தன்னைத் தேடி வருவது பதினெட்டா பத்தொன்பதா என்று அந்தப் பதற்றத்தில் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும் என்கிறீர்களா? அதே வரிசையில் பாலெட், ரெனே, சாலி, டெடி, விக்கி என்ற பெயர்கள் இருந்ததால், அந்த வடகரையில் உள்ள அமெரிக்க மாநிலமான அலபாமாவில் இருந்தவருக்குச் சாலி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, 16ஆம் தேதி, அந்தக் கரையைத்தான் சாலி தாக்கியது.

பெயரில்லாத காலமும் இருந்தது. அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லிப் புயலை அடையாளம் காட்டினார்கள். மணிக்கு மணி இடம் மாறும் ஒன்றுக்கு அது நிலையான அடையாளம் ஆகுமா? நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த வேறொரு புயலுக்கான வானொலி எச்சரிக்கையைத் தங்களுக்கானது என்று மக்கள் தவறாக எடுத்துக்கொண்டதும், அதிலிருந்து வதந்திகள் கிளம்பியதும் உண்டு.

கரீபியன் தீவுகளில் அதற்கும் முன்பிருந்தே, புயல் தாக்கிய நாள் எந்தப் புனிதருக்கு உரியதோ அவர் பெயரால் அதைக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவை 1876 செப்டம்பர் 13 அன்று ஒரு புயல் தாக்கியது. 1928இல் அதே செப்டம்பர் 13 அன்று இன்னொன்று தாக்கியது. இரண்டுக்கும் சான் ஃபெலிப்பே என்றே பெயர் அமைந்ததால், பிந்தையதை இரண்டாம் சான் ஃபெலிப்பே என்று வேறுபடுத்த நேர்ந்தது. அதே 1928 புயல் பின்னர் ஃபுளோரிடாவுக்குள் புகுந்து, ஒகிச்சோபி ஏரிக் கரையை உடைத்து 2,500க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அங்கே அதன் பெயர் ஒகிச்சோபி ஹரிக்கேன். தாக்கிய பிறகு, தாக்கப்பட்ட ஊர் தனக்குத் தோன்றியபடி இட்ட பெயர்கள் இவை. அடுத்த கரையில் இருப்பவரை எச்சரிக்க அவை உதவவில்லை. இன்றைய முறையில் புயல் கரையை நெருங்கும் முன்பே பெயர் தயாராக இருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் அது ஒன்றே. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் அறிவிப்பிலும் மீனவரின் வானொலியிலும் மாலுமியின் பதிவேட்டிலும் ஒரே பெயர் ஒலிப்பதுதான் இதன் முழுப் பயன். கொண்டாட்டம் இதில் எங்கே இருக்கிறது?

பெண்களின் பெயர் பற்றிய தங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வழக்கம் மாறி நெடுங்காலம் ஆகிறது. 1953 முதல் 1978 வரை அட்லாண்டிக் புயல்களுக்குப் பெண்களின் பெயர்களை மட்டுமே அமெரிக்க வானிலைத் துறை வைத்தது. அது அநீதி என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அழிவோடு பெண்களை மட்டும் முடிச்சுப் போடுவதை ஃபுளோரிடாவைச் சேர்ந்த பெண்ணுரிமைப் போராளி ரோக்ஸி போல்ட்டன் போன்றோர் விடாமல் எதிர்த்தார்கள். 1979 முதல் ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி வருகின்றன. அந்த முதல் ஆண்டிலேயே டேவிட் என்ற ஹரிக்கேன், பெரும்பாலும் டொமினிக்கன் குடியரசில், சுமார் 2,000 பேரைக் கொன்றது.

இன்று உலக வானிலை அமைப்பின் பொறுப்பில் ஆறு பட்டியல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டியல் திரும்பி வரும். பேரழிவை உண்டாக்கிய புயலின் பெயரை மட்டும் நிரந்தரமாக நீக்கிவிடுவார்கள். தாங்கள் குறிப்பிட்ட கத்ரீனா 2005க்குப் பிறகு எந்தப் புயலுக்கும் இல்லை. 2011இல் அதன் இடத்தில் கட்டியா வந்தது. மரியாவும் 2017உடன் முடிந்துவிட்டது. உறவினரைப் பறிகொடுத்தவர்கள் அதே பெயரை மீண்டும் எச்சரிக்கையில் கேட்கக் கூடாது என்ற பரிவும், எந்த ஆண்டுப் புயல் என்ற குழப்பம் வரக் கூடாது என்ற கவனமும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

மனிதப் பெயர் வேண்டாம், வேறு ஏதாவது வைக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 21 பெயர்களும் தீர்ந்த 2005, 2020 ஆகிய ஆண்டுகளில் கிரேக்க எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள். 2020 அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் ஸீட்டா, ஈட்டா, தீட்டா என்று மூன்று புயல்கள் அடுத்தடுத்து வந்தன. சத்தம் போட்டுச் சொல்லிப் பாருங்கள், எது எதுவென்று காதுக்குத் தெரிகிறதா? 2021 மார்ச்சில் அந்த முறையையே கைவிட்டு, பட்டியல் தீர்ந்தால் எடுத்துக்கொள்வதற்கென்று கூடுதலாக ஒரு பெயர்ப் பட்டியலை உருவாக்கினார்கள். அதிலும் இருப்பவை மனிதப் பெயர்களே.