அப்பாவின் மைனருக்குள் இருந்தது எந்தச் சாம்பல்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவின் 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் பல வருடங்களாக முற்றத்தில் நின்றது. இப்போது திருத்துகிறோம். டாஷ்போர்ட், கதவுகளின் மேல்விளிம்பு எல்லாம் மங்கிய சாம்பலாக இருக்கின்றன. உள்ளுக்குப் பழைய நிறத்தையே அடிக்க விருப்பம். குளோவ் பொக்ஸ் மூடியைக் கழற்றித் தந்தால், கொழும்பில் கொம்பியூட்டரில் பார்த்து 'ஒரிஜினல்' பெயின்ட் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். மூடியும் வேண்டாம், முற்பணமும் வேண்டாம்.

அந்த மூடி அறுபது வருடம் வெயில் குடித்த தகரம். கொம்பியூட்டர் கருவி தன் முன்னால் வைத்ததைத்தான் அளக்கும். மங்கிய நிறத்தை வைத்தால், மங்கிய நிறத்துக்குக் கிட்டிய ஒன்றைச் சொல்லும். கார் வந்த நாளில் எப்படி இருந்தது என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதைவிட, மூடி திரும்பி வருமா என்பதே நிச்சயமில்லை. என்னிடம் வந்த ஒரு மைனரில் அப்படி அனுப்பிய மூடிக்குப் பதிலாக வேறொரு வண்டியின் மூடி வந்திருந்தது. கீல் துளை பொருந்தாதபோதுதான் சொந்தக்காரருக்கே தெரிந்தது. பழைய சாமான்கள் கிடைக்காத இந்த நாளில் பெயின்டை விட அந்த மூடிதான் தரகருக்கு இலாபம்.

உங்களுக்கு வேண்டிய நிறம் உங்கள் முற்றத்திலேயே இருக்கிறது. மைனரில் உள்ளே தெரியும் தகரம் பெரும்பாலும் வெளி உடம்பின் நிறம்தான். ஆகவே வெயில் படாத இடத்தைத் தேடுங்கள். கதவின் உள் அட்டையைக் கழற்றுங்கள். கிளிப் துருப்பிடித்திருக்கும், அவசரப்பட்டு இழுக்காதீர்கள். நடுவில் இருக்கும் ஸ்பீடோமீற்றரைக் கழற்றி அதன் பின் விளிம்பையும் பாருங்கள். சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள். தின்னர் துணியோடு போனால் நீங்கள் தேடும் நிறமே துணியில் வந்துவிடும்.

இத்தனை வருடத்தில் வண்டிக்குப் பல தடவை பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் 800 வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பிறகு 1200ம் போட்டு, தண்ணீர் விட்டு மெதுவாகத் தேயுங்கள். மரத்தின் வளையம் போல நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். நடுவில் தகரம், அதை ஒட்டி நிறத்துக்கு அடியில் போடும் அண்டர்கோட், அதற்கு அடுத்தது முதல் நிறம். அண்டர்கோட்டும் சாம்பலாக இருக்கும் என்பதால் பலர் அதையே 'ஒரிஜினல்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. அதை நன்றாக மனத்தில் வையுங்கள். உங்கள் கதவு உங்கள் வண்டியின் கதவாக இல்லாமல் இருக்கலாம். உப்புக்காற்றில் கதவின் அடி உக்கினால் இங்கே யாரும் புதுக்கதவு போட்டதில்லை, உடைத்த வேறொரு மைனரின் கதவைத்தான் மாட்டினார்கள். அந்தக் கதவைத் தேய்த்தால் வருவது அந்த மைனரின் முதல் நிறம். ஒரு வண்டியில் சாரதிப் பக்கக் கதவை மட்டும் தேய்த்துவிட்டு உள் முழுக்கப் பச்சை அடித்தார்கள். பிறகு ஸ்பீடோமீற்றரைக் கழற்றினால் பின்னால் நீலச்சாம்பல். முழு வேலையும் வீண். எனவே எல்லாக் கதவுகளையும் தனித்தனியாகத் தேயுங்கள், டாஷ்போர்டையும் தேயுங்கள். பொருந்தவில்லை என்றால் டாஷ்போர்ட் சொல்வதை நம்புங்கள். அது உடம்போடு ஒட்டிய தகரம், கதவு போல யாரும் லேசில் மாற்றுவதில்லை.

பெயரை நம்பியும் ஏமாறாதீர்கள். மைனரைச் செய்த பி.எம்.சி. கம்பனியின் நிறப் பட்டியலில் 'ஸ்மோக் கிரே' என்ற நிறத்தின் இலக்கம் பி.யூ. 15. பி.யூ. என்றால் நீலக் குடும்பம். 'ரோஸ் டோப்' என்பதன் இலக்கம் ஜி.ஆர். 27, அது சாம்பல் குடும்பம். பெயரைக் கேட்டுக் கறுப்பையும் வெள்ளையையும் கலக்கிற பெயின்ட் பாஸிடம் ஸ்மோக் கிரே ஒருநாளும் வராது. வண்டிப் புத்தகத்தைப் பார்த்தும் பயனில்லை. நிறம் என்ற இடத்தில் 'கிரே' என்று ஒற்றைச் சொல். எந்தக் கிரே? எழுதியவருக்கு அக்கறை இல்லை, பிறகு பார்த்தவருக்கும் இல்லை. ஆனால் வெளி நிறத்தை மாற்றிவிட்டு அந்த ஒற்றைச் சொல்லைத் திருத்தப் போய்ப் பாருங்கள், எத்தனை நாள் அலைய வேண்டும் என்று தெரியும். வண்டி வரலாற்றை இப்படிப் பதிந்துவைத்த முறையை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

சரி, நிறம் கிடைத்துவிட்டது. தேய்த்த இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கலப்பவரை உங்கள் முற்றத்துக்குக் கூப்பிடுங்கள். என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்டில் கலக்கச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒத்துப்போகிறதே என்று தலையாட்ட வேண்டாம், காய்ந்தால் நிறம் மாறும். ஒரு தகரத் துண்டில் நீங்கள் போடப்போகும் அதே அண்டர்கோட்டை அடித்து, அதன்மேல் நிறத்தை அடித்து, மறுநாள் பாருங்கள். காலை வெயிலிலும் நிழலிலும் பாருங்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போன நிறம் வெயிலில் பிரிந்து நிற்கும். கராஜ்களில் நடக்கும் பாதிப் பிழை இதுதான்.

'டூ-கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால் கண்ணாடி போல மின்னும்' என்று சொல்வார்கள். டாஷ்போர்ட் அப்படி மின்னினால் பழைய வண்டியின் முகமே போய்விடும். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. காரின் உள்ளே தலையை நுழைத்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அதை அடிக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டிக்காக யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

அப்புறம், மாரியில் அடிக்க வேண்டாம். ஈரக்காற்றில் என்.சி. வெள்ளையாகப் பூத்துவிடும், எவ்வளவு சரியாகக் கலந்த நிறமும் பால் ஊற்றியது போல் தெரியும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலம் நல்லது, ஆனால் காற்று எழும்பினால் தூசி. விடியற்காலையில் தொடங்கி, காற்று எழும்புமுன் ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவி வைத்துவிடுங்கள்.