சிவகாசியில் இருந்தபடி சிட்னி கணக்கு: ஒரு பி.காம். மாணவியின் அம்மாவுக்கு

அம்மாவுக்கு வணக்கம்.

பி.காம். கடைசி வருடம் படிக்கும் மகள், "சென்னைக்கும் வேண்டாம், கோயம்புத்தூருக்கும் வேண்டாம். சிவகாசியில் நம் வீட்டில் இருந்தே வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துச் சம்பாதிக்கிறேன்" என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருந்தீர்கள். வேலைதான். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் உள்ள சின்னக் கடைகள், பல் டாக்டர்கள், பிளம்பிங் காண்டிராக்டர்களின் அன்றாடக் கணக்கை இந்தியாவில் இருந்து பார்ப்பது பல வருடமாக நடக்கிறது. ஆனால் டிகிரி வாங்கிய கையோடு அதைத் தொடங்கிவிடலாம் என்று அவள் நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முன்பெல்லாம் புதிதாக வருபவருக்கு என்று ஒரு வேலை இருந்தது. பில்லைப் பார்த்து ஒவ்வொன்றாக என்ட்ரி போடுவது. நூறு பில் போடுவதற்குள் எந்தச் செலவு எந்தத் தலைப்பில் போகும் என்பது கைக்கு வந்துவிடும். இப்போது ஜீரோ (Xero) போன்ற கணக்கு மென்பொருள்கள் வங்கிக் கணக்கிலிருந்து வரவு செலவைத் தாமே இழுத்துக்கொள்கின்றன. பில்லைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் தேதி, கடை பெயர், தொகை எல்லாவற்றையும் படித்துக்கொள்கின்றன. வேலை கற்றுக்கொண்ட அந்த முதல் படியையே இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? சிட்னியில் காபிக் கடை வைத்திருப்பவர் ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் பால், ரொட்டி, காகிதக் கப், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜிஎஸ்டி 10 சதவீதம். பாலுக்கும் ரொட்டிக்கும் வரி கிடையாது. கப்புக்கும் திரவத்துக்கும் உண்டு. மென்பொருளோ கடை பெயரைப் பார்த்து, போன தடவை எப்படிப் போட்டதோ அப்படியே மொத்தத் தொகையையும் ஒரே தலைப்பில் போட்டுவிடும். அதே பில்லில் அவர் வீட்டுக் குழந்தைக்கு வாங்கிய பென்சில் பெட்டியும் இருக்கலாம். அது கடைச் செலவில் சேராது. இதைக் கண்டுபிடித்து, அவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பிரித்துப் போடும் ஆளுக்குத்தான் இன்று காசு.

இந்தக் கண் புத்தகத்தில் வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "இது ஏன் இங்கே வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வரும். அதனால் என் யோசனை: உங்கள் ஊரிலேயே ஒரு நல்ல ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றரை, இரண்டு வருடம் வேலைக்குச் சேரட்டும். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். சிவகாசியில் அச்சகம், பேப்பர் கடை, பட்டாசு, தீப்பெட்டி என்று விதவிதமான கணக்கு அவள் மேசைக்கு வரும். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் அச்சகத்துக்கு 11ஆம் தேதி விற்பனை விவரம் போக வேண்டும். பேப்பர் விற்றவர் தன் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றினாரா என்பது 14ஆம் தேதி வரும் 2பி என்ற கொள்முதல் பட்டியலில் தெரியும். ஏற்றாவிட்டால் அச்சகத்துக்கு பேப்பருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. வரி கட்டும் 3பி ரிட்டர்னை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், பேப்பர் விற்றவருக்கு இவள்தான் போன் போட்டுப் பேசி நேர் செய்ய வேண்டும். இந்த நச்சரிப்புதான் பயிற்சி. நாடு மாறினால் சட்டம் மாறும். தப்பைத் தேடும் பழக்கம் மாறாது.

சாயங்காலங்களில் ஜீரோவில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிக் கம்பெனியைத் திறந்து பழகட்டும். ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். சிறு கடைகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரி அறிக்கை கொடுக்கும். அதைக் காசு வாங்கிக்கொண்டு செய்து தர அங்கே பதிவு பெற்ற வரி ஏஜென்டாக இருக்க வேண்டும். ஆகவே அவள் அப்படி ஒரு ஏஜென்டின் கீழ் வேலை செய்வாள். பொறுப்பும் கையெழுத்தும் அவருடையது. ஆங்கில மின்னஞ்சலைச் சீர் செய்ய சாட்ஜிபிடியை வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. ஆனால் வாடிக்கையாளரின் வங்கி ஸ்டேட்மென்டை அனுமதி இல்லாமல் அதில் போடவே கூடாது. அது தெரிந்தால் வேலை அன்றோடு போய்விடும்.

ராத்திரி முழுக்க விழிக்க வேண்டுமா என்று பயந்திருந்தீர்கள். அமெரிக்கா என்றால் ஆம். சிட்னி நமக்கு நாலரை மணி நேரம் முந்தி, அவர்கள் கோடையில் ஐந்தரை. விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் ஒன்றுக்கு எழுந்துவிடலாம். இங்கிலாந்து என்றால் மதியம் தொடங்கி இரவு பத்து, பத்தரை வரை. உறவுக்காரர்கள் கேட்டால் "ஆஸ்திரேலியக் கணக்குப் பார்க்கிறாள்" என்று சொல்லிவிடுங்கள், அதுவே போதும்.

வேலை தேடும் தளங்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபைவரில் 100 டாலர் வேலை செய்தால் 20 டாலர் தளத்துக்கு. அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் செலவாகும். மணிக்கணக்கு வேலையை அதன் செயலியில் பதிந்து செய்தால், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து முதலாளிக்குக் காட்டும். இது உளவு மாதிரி தோன்றும். ஆனால் பிறகு கூலித் தகராறு வந்தால் அந்தப் படங்கள்தான் சாட்சி.

நீங்கள் அனுப்பிய அந்த 'டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய்' விளம்பரத்தை மட்டும் தொடாதீர்கள். இவர்கள் வேலை செய்யும் முறை எனக்குப் பழக்கம். மங்கலான பக்கங்களைக் கொடுத்து டைப் அடிக்கச் சொல்வார்கள். முடித்துக் கொடுத்ததும் "தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி அபராதம் கேட்பார்கள். பயந்து கட்டுகிற பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. வேலை தருகிறவர் நம்மிடம் காசு கேட்டாலே விலகிவிட வேண்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யுங்கள், மகளைத் திட்டாதீர்கள்.

வருமானம் வரத் தொடங்கினால் தனியாக ஒரு வங்கிக் கணக்கு, ஒவ்வொரு தொகைக்கும் இன்வாய்ஸ், வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்று, வருடா வருடம் வருமான வரி ரிட்டர்ன். வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை கணக்குத் தொழிலுக்கு உண்டு. அவள் வேலை பார்க்கும் ஆடிட்டரே சொல்லித் தருவார். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது சம்பளச் சீட்டுக்குப் பதில் வங்கி பார்ப்பது இந்த ரிட்டர்ன்களைத்தான். பி.எஃப்., மருத்துவக் காப்பீடு போட முதலாளி யாரும் இல்லை என்பதால் சேமிப்பையும் காப்பீட்டையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், எண்பதாயிரத்துக்கு லேப்டாப் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் தாராளம். மிச்சப் பணத்தில் இன்னொரு மானிட்டர் வாங்கிக் கொடுங்கள்: ஒரு திரையில் பில், இன்னொன்றில் கணக்கு என்று வைத்துப் பார்த்தால்தான் தப்பு கண்ணில் படும். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாட்களில் மோடத்துக்கும் ஓடும்படி ஒரு இன்வெர்ட்டர் இருக்கட்டும். அதையும் அவள் சொந்தமாகத் தொடங்கும்போது வாங்கினால் போதும்.