ஃபூஜியன் பயணம்: கேட்டதும் சொன்னதும்

கிரானைட் வியாபாரத்துக்காக ஷியாமென் பக்கம் அடிக்கடி போய் வருகிறவன் நான். சீனாவில், தைவானுக்கு நேர் எதிரே இருக்கும் ஃபூஜியன் மாகாணத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெருஞ்சுவர் பற்றி வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

கோவையிலிருந்து: எந்த மாதம் போகலாம் அண்ணா? ஒரு வாரம் போதுமா?

அக்டோபர் பின்பாதி, நவம்பர். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புயல் காலம்; புயல் வந்தால் ரயில், படகு எல்லாம் நிற்கும். அக்டோபர் முதல் வாரம் தேசிய தின விடுமுறை. மொத்தச் சீனாவும் அப்போதுதான் ஊர் சுற்றும், நீங்கள் போகாதீர்கள். ஒரு வாரம் என்றால் ஷியாமென், பழைய துறைமுக நகரமான சுவான்ஜோ, மண் கோட்டை வீடுகள். இந்த மூன்றோடு நிறுத்துங்கள். வூயி மலை மாகாணத்தின் வடக்கு மூலையில் இருக்கிறது. அதையும் சேர்த்தால் ரயிலில்தான் குடித்தனம்.

திருச்சியிலிருந்து: சிங்கப்பூர் வழியாகப் போனால் 240 மணி நேரம் விசா இல்லாமல் இருக்கலாமாமே?

அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. இந்திய பாஸ்போர்ட் என்றால் விசா எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால் அவர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம், உங்களுக்கு வேண்டும். யூடியூபில் வெள்ளைக்காரர் சொல்வதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

பாஸ்போர்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ரயில் டிக்கெட், படகு டிக்கெட், ஓட்டல் அறை எல்லாமே பாஸ்போர்ட் எண்ணில்தான். ஒரிஜினல் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து: ஜிபே, வாட்ஸ்அப், கூகுள் மேப் வேலை செய்யுமா?

செய்யாது. இங்கிருந்தே அலிபே என்ற சீனப் பணச் செயலியைப் போட்டு, வெளிநாடு செல்லும் விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துக்கொண்டு போங்கள். நம் சிம்மில் ரோமிங் போட்டால் இணையம் நம் ஊர் வழியாகத்தான் வரும் என்பதால் வாட்ஸ்அப் ஓடும். ஓட்டல் வைஃபையில் ஓடாது.

கும்பகோணத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். காய்கறிப் பொரியலில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ஷியாமெனின் சாச்சா நூடுல்ஸ் வேர்க்கடலைக் குழம்பு மாதிரி மணக்கும், அதில் உலர்ந்த இறால் இருக்கிறது. கடைகளில் பளபளவென்று ஜெல்லி வைத்திருப்பார்கள், பிள்ளைகள் கை நீட்டும். அது கடற்புழுவை வேகவைத்து உறையவிட்டது. நான் சாப்பிடுவேன், நீங்கள் வேண்டாம். ஷியாமெனில் நான்புதுவோ என்ற பௌத்தக் கோயிலை ஒட்டிய சைவ உணவகம் நம்பகமானது. காலையில் இனிப்பு வேர்க்கடலைக் கஞ்சி எங்கும் கிடைக்கும்.

ஈரோட்டிலிருந்து: வட்டமான மண் வீடுகளுக்கு எப்படிப் போவது?

துலோ என்பார்கள். நான்ஜிங் மாவட்டத்திலும் யோங்டிங்கிலும் இருக்கின்றன. யோங்டிங்கில் செங்ச்சி லோ என்ற வீடு வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சுற்று, 1709ல் முடித்தது. நான்ஜிங் பக்கம் தியன்லோகெங்கில் நடுவே சதுர வீடு ஒன்று, சுற்றிலும் வட்ட வீடுகள். மேலே மேட்டில் நின்று பார்க்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது ஜாக்கிரதை: ஷாங்காய் பக்கம் இருக்கும் பெருநகரம் நான்ஜிங்குக்கும் இதற்கும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். விலையையும் பயண நேரத்தையும் பார்த்தாலே தெரிந்துவிடும். ஷியாமெனிலிருந்து அரை நாள் ஓடும் ரயில் என்றால் அது தப்பான நான்ஜிங்.

மதுரையிலிருந்து: சுவான்ஜோவில் சோழர் கட்டிய சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும். எங்கே இருக்கிறது?

கோயில் இன்று இல்லை, கற்கள் இருக்கின்றன. கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போங்கள். முன்வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். பின்னால் இரண்டு தூண்கள் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பதினாறு பட்டை. பட்டையில் நரசிம்மர், கோபியர் சேலையைக் கவர்ந்த கண்ணன். கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை லிங்கத்தை வணங்கும் கல் உண்டு. நம் திருவானைக்கா கதை அப்படியே.

சுவான்ஜோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, சித்திரை மாதம் என்கிறது. அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் (மங்கோலிய மன்னன் குப்லாய் கான்தான் என்கிறார்கள்) ஆணைப்படி, அந்தக் கானின் நலத்துக்காகத் திருக்கதலீச்சரம் உடைய நாயனார் என்ற சிவனை எழுந்தருளச் செய்தார். கடைசியில் ஒரு வரி சீனம். இதில் சோழன் எங்கே வருகிறான்?

தஞ்சாவூரிலிருந்து: ராஜேந்திர சோழன் கடாரம் வரை போனவன். சீனாவில் கோயில் கட்டியிருக்க மாட்டானா?

ராஜேந்திரன் 1044லேயே இறந்துவிட்டவன். சோழர் தூதர்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீன அரசவைக்குப் போனது உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கல்வெட்டு வெட்டியபோது சீனாவில் குப்லாய் கான், மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன். சோழ ஆட்சி 1279லேயே முடிந்துவிட்டது.

மறுபடியும் தஞ்சாவூர்: சிற்பங்கள் சோழர் பாணி என்று அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள்.

ராஜா மாறிய அன்றைக்கே உளி மாறிவிடுமா? பாணி தொடர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, கல் வியாபாரியாகச் சொல்கிறேன்: அந்தச் சிற்பங்களின் கல் அந்தப் பக்கத்து மலைகளில் கிடைக்கும் பச்சை சாயல் கருங்கல். இங்கிருந்து ஏற்றிப் போனதல்ல. சீனச் சிற்பிகளின் கையும் அதில் கலந்திருக்கிறது. பணம் போட்டது தமிழ் வணிகர்களாகத்தான் இருக்கும்.

மதுரையிலிருந்து: அப்படியானால் பாண்டியர் கோயில் என்று சொல்லலாமா?

அதுவும் வேண்டாம்! எந்தத் தமிழ் ராஜாவின் பெயரும் கல்லில் இல்லை. கடல் தாண்டிப் போய், அந்நிய ஆட்சியில் அனுமதி வாங்கிக் கோயில் எழுப்பியவர்களின் பெயரை விட்டுவிட்டு, ஊரில் உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு ஏன் பட்டம் கட்ட வேண்டும்?

காரைக்குடியிலிருந்து: கோயில் ஏன் இடிந்தது?

யுவான் என்ற மங்கோலிய வம்ச ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை, சுவான்ஜோவில் பெரிய கலகம். வெளிநாட்டு வணிகர் சமூகங்கள் அதில் சிதறிப்போயின. பிறகு, அடுத்து வந்த மிங் வம்சக் காலத்தில் பௌத்தக் கோயிலைப் புதுப்பித்தவர்கள் கைக்கு எட்டிய தூண்களை எடுத்து நிறுத்திவிட்டார்கள். நகர மதிலை இடித்தபோதும் இந்தச் சிற்பக் கற்கள் கிடைத்தன.

சேலத்திலிருந்து: குலாங்யூ தீவுக்குப் படகு?

பகலில் சுற்றுலாப் பயணிகளுக்குத் துறை வேறு, உள்ளூர்க்காரர்களுக்கு வேறு. முன்பதிவு, பாஸ்போர்ட்.

நாகர்கோவிலிலிருந்து: ஷியாமெனிலிருந்து கின்மென் தீவு கண்ணுக்குத் தெரிகிறதாமே, போய் வரலாமா?

அது தைவான் வசம். தனி அனுமதி வேண்டும். ஒருமுறை நுழைவு விசா என்றால் படகு ஏறியதும் சீன விசா தீர்ந்தது.

வேலூரிலிருந்து: வாட்ஸ்அப் வேலை செய்யுமா?

மேலே பாருங்கள்.

சென்னையிலிருந்து: பாஸ்போர்ட் ஜெராக்ஸ் போதாதா? தொலைந்துவிடும் என்று பயம்.

போதாது. போதவே போதாது.

ஓசூரிலிருந்து: நானும் கல் தொழில்தான். வேலையாகப் போகும்போது அரை நாள் கிடைத்தால் எதைப் பார்க்கலாம்?

இப்படிக் கேளுங்கள்! ஷுய்தோ கல் சந்தைக்கு எப்படியும் போவீர்கள். அந்த ஊரிலேயே அன்பிங் பாலத்தின் ஒரு முனை இருக்கிறது. 1138ல் தொடங்கி 1151ல் முடித்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், முழுக்கக் கருங்கல் பலகை. சில பலகைகள் 25 டன் வரை. கிரேன் இல்லாத காலம். பலகையைப் படகில் ஏற்றி, கடல் ஏற்றத்தில் தூண்களுக்கு நடுவே கொண்டுபோய், வற்றும்போது இறக்கினார்கள் என்கிறார்கள். தொப்பி எடுத்துப் போங்கள், பாலத்தின் மேல் நிழல் குறைவு. உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் பவர் பேங்கில் சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2025 ஜூன் கடைசியிலிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.