வலுக் கூட்டிய லொறி எஞ்சினுக்கு வெப்பமானியே முதற்செலவு

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, என்னிடம் 4டி34 டர்போ எஞ்சின் பொருத்திய கேன்டர் லொறியொன்று இருக்கிறது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு அரிசியும் மாவும் ஏற்றிச் சென்று, திரும்பும்போது மரக்கறியுடன் பேலியகொடை மனிங் சந்தைக்கு வருகிறேன். ஏற்றத்தில் இழுவை போதாததால் இரண்டு மாதங்களுக்கு முன்னர் பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அமுக்கத்தையும் சற்று உயர்த்தினேன். இப்போது நன்றாக இழுக்கிறது. ஆனால் ஏற்றத்தில் கரும்புகை வருகிறது. இனி எஞ்சினை எப்படிப் பராமரிக்க வேண்டும்?
– வாசகர், வத்தளை

பதில்: உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தக் கரும்புகைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கிலோ டீசல் எரிந்து முடிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆனால் டீசல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது என்பதால், நடைமுறையில் 20 கிலோவுக்குக் குறையாமல் காற்றுக் கிடைத்தால்தான் புகையின்றி எரியும். டீசலைக் கூட்டிய அளவுக்குக் காற்றுக் கூடவில்லை என்பதையே புகை சொல்கிறது. பெற்றோல் எஞ்சினில் வேலை பழகியவர்கள் சிலர், எரிபொருள் கூடினால் எஞ்சின் குளிரும் என்று நினைப்பார்கள். டீசலில் நிலைமை தலைகீழானது: டீசல் கூடக் கூட, வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே வேறு எதற்கும் செலவு செய்யுமுன், வெளியேறும் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் ஒன்றைப் பூட்டுங்கள். அதன் உணரியை டர்போவுக்கு முன்னால், எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டும் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டிலேயே துளையிட்டுப் பொருத்த வேண்டும். டர்போவுக்குப் பின்னால் பொருத்தினால், சுமையில் ஓடும்போது மானி 100 பாகைக்கு மேலும் குறைத்துக் காட்டக்கூடும். சாரதி அதை நம்பி ஏமாறுவார். துளையிடும்போது டர்போவைக் கழற்றி வையுங்கள். ஒரு சிறு இரும்புத் துகள் போதும், டர்பைன் இதழைச் சிதைத்துவிடும். நீண்ட ஏற்றத்தில் முள் 700 பாகை செல்சியஸைத் தாண்டி நிற்கக் கூடாது. அதை நெருங்கும்போதே ஒரு கியர் குறைத்து, அக்சிலரேட்டரைத் தளர்த்தினால், எஞ்சின் சுற்று ஏறிக் காற்றும் கூடும். முள் தானாக இறங்குவதைக் கண்ணால் காணலாம்.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வேலைத்தலத்துக்கு, இறம்பொடை ஏற்றத்தில் வலுவிழந்து நின்ற லொறியொன்றைக் கட்டி இழுத்து வந்தார்கள். டீசல் அளவை யாரும் மாற்றாதிருக்கப் பம்ப்பில் இடும் ஈய முத்திரை அறுக்கப்பட்டிருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது, மூன்றாவது பிஸ்டனின் தலையில் இருந்த குழியின் விளிம்பு மெழுகுதிரி உருகி வழிந்ததுபோல ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அந்தச் சிலிண்டரின் சுவரெங்கும் அலுமினியம் அப்பியிருந்தது. தூய அலுமினியம் உருகுவது 660 பாகையில். பிஸ்டன் செய்யும் கலப்புலோகம் அதற்கும் முன்னரே இளகும். உள்ளே வரும் காற்றும் அடியில் பீய்ச்சப்படும் ஒயிலும் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. மலையில் காற்று மெலிவதால் டர்போ அதே அமுக்கத்தைக் கொடுக்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கொழும்பில் சரியாக இருந்த அளவு நுவரெலியாவில் சரியாக இருக்காது. புகை தெளியும் வரை பம்ப்பைச் சற்றுக் குறைத்து வையுங்கள். நீங்கள் இழக்கும் இழுவை மிகச் சிறிது.

அடுத்தது ஒயில். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, மெல்லிய ஒயில் படலமொன்றின் மேல் மிதந்தபடிதான். கூட்டிய டீசலின் கரி அந்த ஒயிலுக்குள்ளும் இறங்கும். எரிபொருளில் உள்ள கந்தகம் அமிலமாகி ஒயிலின் ஆயுளைக் குறைக்கும். சிஐ-4 தரத்திலான 15டபிள்யூ-40 ஒயில், 0.5 வீதம் வரை கந்தகமுள்ள டீசலையும் தாங்கும் வகையில் வரையறுக்கப்பட்டதால், சாதாரண டீசல் அடிப்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். இதுவரை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றியிருந்தால், இனி 5,000 கிலோமீற்றரில் பில்டருடன் சேர்த்து மாற்றுங்கள். ஏற்றம் ஏறி முடிந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல், இரண்டு மூன்று நிமிடங்கள் வெறுமனே ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் டர்போவுக்குள் தேங்கிய ஒயில் வெந்து கரியாகி, ஒயில் வழியை அடைத்துவிடும்.

ஒயில் மாற்றும் நாளில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, சுழலியின் நடு நட்டை விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசையும், அது இயல்பு. முன்னும் பின்னும் அசைவு விரலுக்குத் தெரிந்தாலோ, இதழ் சுவரில் உரசினாலோ டர்போவைக் கழற்றுங்கள். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில், கிளிப் அருகே ஒயில் கலந்த தூசி படிந்திருந்தால் அங்கே காற்றுக் கசிகிறது. உங்கள் புகைக்குப் பம்ப் அல்லாமல் அதுவே காரணமாகவும் இருக்கலாம். காற்று பில்டரை ஊதி ஊதிப் பாவிக்காமல் புதிதாக மாற்றுங்கள். கடற்கரையை ஒட்டி நிறுத்தும் லொறியென்றால் றேடியேற்றரின் தகடுகள் உப்புக்காற்றில் அரித்து உதிர்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கிளச்சும் பிரேக்கும் பழைய வலுவுக்கு அளந்து செய்யப்பட்டவை. இறக்கத்தில் மரக்கறிச் சுமையோடு வரும் உங்களுக்குப் பிரேக்கைப் பற்றி நான் நினைவூட்டத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

கேள்வி: புகைப் பரிசோதனைக்குப் போகும் நாளில் பம்ப்பைக் குறைத்து, பரிசோதனை முடிந்ததும் திரும்பக் கூட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: தயவுசெய்து செய்ய வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செய்யும் அந்தப் பரிசோதனையில், நின்ற நிலையில் அக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, வெளிவரும் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். சுமையே இல்லாமல் தேறாத லொறி, சுமையோடு ஏற்றத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு டீசலைக் கரியாக்கிக்கொண்டிருக்கும். பம்ப்பைக் கூட்டிவைத்தபடியே கொண்டுபோங்கள். தேறாவிட்டால் காற்று பில்டர், இன்டர்கூலர் குழாய், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நொசில் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்த்த பின்னர், பம்ப்பில் டீசலைக் குறைக்கும் பக்கமாக அளவுத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிச் சோதியுங்கள். தேறிய இடத்தில் லொக் நட்டை இறுக்கி, பெயின்ட்டால் ஓர் அடையாளக் கோடு போட்டுவிடுங்கள்.